தாயும் சேயும்: விதியென்று விடலாமோ?

நமது கல்லூரியின் விழா மலரிலே மகப்பேற்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆண்பிள்ளைகள் பயின்ற கல்லூரியின் மலருக்கும் பிள்ளைப்பேற்று அறைக்கும் யாது தொடர்பு என அவர்கள் வினவலாம். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. தாய் வயிற்றிற் பிறவாதார் நம்முள் எவருமிலர். ஆயினும் நம்மைப் பெற்றெடுத்த அந்நாளில் நம் அன்னையர் எத்துணை இடரைக் கடந்தனர் என்பதைக் கேட்டறிந்தவர் மிகச் சிலரே. அதனைப் பெண்கள் தமக்குள்ளே பேசிக்கொள்ளும் விடயம் என்று ஒதுக்கிவைத்தோம். அவ்வாறு ஒதுக்கியதால் விளைந்த கேடு சிறிதன்று.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம்மிடையே வழங்கும் முதுமொழி. பெற்றுப் பிழைத்தவள் சாவின் வாயில் வரை சென்று மீண்டவள் என்பதே அதன் கருத்து. மீளாது போனவளுக்கு நம் முன்னோர் கூறிய ஆறுதல் ஒரே சொல்லாய் இருந்தது: விதி. இச்சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. ஒழுங்கு, நியமம் என்பது மற்றொன்று. தாயின் மரணத்தை முதற் பொருளிலே விதி என்றவர்கள் அழுது அமைந்தனர். இரண்டாம் பொருளிலே விதி என்றவர்கள், "இது எவ்வொழுங்கின்படி நிகழ்ந்தது? அவ்வொழுங்கை அறிந்தால் அடுத்த தாயைக் காக்கலாமன்றோ?" என வினவினர். ஊழை மறுப்பது நமது நோக்கமன்று. முயற்சி செய்யவேண்டிய இடத்தில் ஊழின்மேற் பழியைப் போடுதல் தகாது என்பதே நாம் கூறவந்தது.

1847ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் பணி புரிந்தார். அங்கே பிள்ளைப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. வைத்திய மாணவர் பணிபுரிந்த விடுதியில், மருத்துவிச்சிகள் பணிபுரிந்த விடுதியினும் பன்மடங்கு தாய்மார் பிரசவ சுரத்தால் இறந்தனர். காற்றின் கேடு என்றும் பெண்களின் அச்சம் என்றும் பலர் பலவாறு கூறினர். செம்மல்வைஸ் காரணம் காணும் முன்னர்க் கணக்கைக் கண்டார். பிணம் அறுத்த கையைச் சரிவரத் தூய்மை செய்யாது மாணவர் தாய்மாரைத் தீண்டுவதே இரு விடுதிகளுக்கும் உள்ள வேறுபாடு என்று துணிந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவும்படி பணித்தார். அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டளவில் இருந்த மரணம் யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாய்க் குறைந்தது. ஆயினும் தம் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ள அக்காலத்து வைத்தியர் பலர்க்கு மனம் வரவில்லை. 1865ஆம் ஆண்டில் அவர் இறக்கும்போது அவர் சொல்லை ஏற்றவர் சிலரே. உண்மை வெளிப்பட்டாலும் உலகம் அதனை உடனே ஏற்பதில்லை என்னும் துயரப் பாடத்தை இங்கே காண்கின்றோம்.

நம் வீடுகளில் மார்மைற்றை அறியாதவர் இலர். பாணிற் பூசியும் வெந்நீரிற் கரைத்தும் உண்ணும் அக்கறுத்த பசைக்கும் மகப்பேற்று ஆராய்ச்சிக்கும் தொடர்புண்டு என்பதை அறிந்தவரோ சிலர். 1928ஆம் ஆண்டு முதல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், பம்பாயின் ஆலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர் அப்பெண்களின் இரத்தத்தை மட்டுமன்றி உணவையும் ஆராய்ந்தார். மதுவத்திலிருந்து ஆக்கப்படும் மார்மைற்று அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனுள் மறைந்திருந்த பொருள் பசளிக்கீரை இனத்து இலைகளிலிருந்து 1941ஆம் ஆண்டிற் பிரித்தறியப்பட்டு, போலிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தது. முதுகுத்தண்டு மூடாத குழந்தையை முன்னர்ப் பெற்ற தாய்மார்க்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே அதனைக் கொடுத்தால், அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேற் குறைகின்றது என்று 1991ஆம் ஆண்டிற் பல நாடுகளில் நடந்த சோதனை நிறுவியது. இன்று நம் நாட்டில் மணமகளுக்கு அளிக்கப்படும் அச்சிறு மஞ்சள் வில்லையின் வரலாறு, பம்பாய் ஆலைப் பெண்களின் வெளிறிய முகத்திலே தொடங்குகின்றது.

குறைமாதப் பிள்ளையின் கதையும் இவ்வாறே. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்திலே லிக்கின்ஸ் என்பவர் சினை ஆடுகளை ஆராயும்போது, பிழைத்திருத்தல் அரிதென்னும் பருவத்திற் பிறந்த குட்டியொன்று மூச்சுவிடுவதைக் கண்டு வியந்தார். தாம் செலுத்திய ஊக்கியே அதன் நுரையீரலை முதிரச் செய்ததோ என ஐயுற்றார். பின்னர் ஹோவி என்னும் குழந்தை வைத்தியருடன் கூடித் தாய்மாரிடத்துச் சோதித்து 1972ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். குறைமாதத்திற் பிரசவிக்கும் நிலையிலுள்ள தாய்க்கு அவ்வூசி இட்டால் பிள்ளையின் மூச்சுத்திணறல் குறைந்தது. பின்வந்த சோதனைகளும் அவ்வாறே கூறின. எனினும் ஐக்கிய அமெரிக்காவில் அறிஞர் கூடி இதனைப் பொதுவாகக் கைக்கொள்க என்று பரிந்துரைத்தது 1994ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில், பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் எத்தனையோ மண்ணுள் மறைந்தன. அவற்றைக் கொன்றது அறியாமை அன்று; அறிந்ததைச் செய்யாமை.

ஆயின் விரைந்து பரப்புதல் ஒன்றே போதுமோ? போதாது. அவ்வூசியையே வசதி குன்றிய இடங்களிற் பரவலாகக் கொடுத்து ஆறு நாடுகளில் ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை. பிறந்த பிள்ளைகளின் மரணம் ஓரளவு மிகுந்தது எனவும் 2015ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு காட்டிற்று. கருவின் மாதத்தைத் திருத்தமாகக் கணித்து, தாயையும் சேயையும் பேணத்தக்க வைத்தியசாலைகளிலே கொடுத்தபோது நன்மை உண்டென்பதை 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி உறுதிசெய்தது. மருந்து ஒன்றே; பயன் இடத்துக்கேற்ப வேறுபட்டது. ஆதலின் பிற நாட்டார் கண்டதை அவ்வாறே பெயர்த்து நடுதல் அறிவாகாது. நம் மண்ணிலே, நம் தாய்மாரிடத்தே, நாமே வினவி விடை காணுதல் இன்றியமையாதது.

கர்ப்பகாலத்தில் இரத்த அமுக்கம் உயர்ந்து முகமும் கைகாலும் வீங்கிப் பின் வலிப்பு வந்து தாய் மடிதலை நம் ஊரார் சன்னி என்றும் பேய்க்குற்றம் என்றும் கூறினர். நம் வீடுகளிற் பேதிக்கு உட்கொண்ட எப்சம் உப்பை, அதாவது மகனீசியம் சல்பேற்றை, ஊசிமூலம் செலுத்தினால் அவ்வலிப்பு வரும் ஆபத்துப் பாதிக்குமேற் குறையும் என்பதை 2002ஆம் ஆண்டில் வெளியான பெருஞ் சோதனை நிறுவியது. முப்பத்துமூன்று நாடுகளைச் சேர்ந்த பதினாயிரம் அளவினரான கர்ப்பிணிகள் அதிற் பங்குபற்றினர். விலை மலிந்த மருந்து அது. அம்மருந்தின் பயனை உலகம் ஐயமற அறிந்தது அத்தாய்மார் ஆராய்ச்சிக்கு உடன்பட்டமையாலன்றோ?

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. "வயிற்றிற் பிள்ளையுடையவளை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவது அறமோ?" என்பர். இத்தடைக்குக் காரணம் உண்டு. 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட்டு என்னும் மருந்தைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதனால், கைகால் குறைந்த குழந்தைகள் பதினாயிரத்துக்கு மேற் பிறந்தன. 1961ஆம் ஆண்டில் அது விலக்கப்பட்டது. அக்கொடுமையை உலகம் மறத்தல் ஆகாது. ஆனால் அதிலிருந்து கற்ற பாடம் பிழையானது என்பது நமது துணிபு. அம்மருந்து தீங்கு செய்தது தக்கவாறு ஆராய்ந்தமையாலன்று, ஆராயாது கொடுத்தமையால். இதனை மறந்து, கர்ப்பிணிகளை ஆராய்ச்சியினின்றே விலக்கி வைப்பது காப்பாகுமென்று பலர் எண்ணினர். 2020ஆம் ஆண்டிற் கொரோனாத் தடுப்பூசிகளை முதலிற் சோதித்தபோதும் கர்ப்பிணிகள் விலக்கப்பட்டனர். அதனால் ஊசி இடலாமோ ஆகாதோ என்று உறுதியாய்ச் சொல்வார் இன்றித் தாய்மார் தவித்தனர். சோதனைக்கு விலக்கினோம்; நோய்க்கு அவர்களை விலக்க முடிந்ததோ? தக்க விலங்காய்வின் பின், அறநெறிக் குழுவின் மேற்பார்வையில், தாய் முற்றும் அறிந்து மனமுவந்து உடன்படும் ஆராய்ச்சியே உண்மையான காப்பு.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1930களில் இலங்கையிலே உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் பிள்ளைகளுக்கும் 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். ஐம்பது பேற்றுக்கு ஒரு தாய் என்னும் கணக்கு அது. இன்று அத்தொகை முப்பதை ஒட்டி நிற்கின்றது. நாடு செல்வத்திற் கொழித்தமையால் இது நிகழ்ந்ததன்று. கொழும்பில் 1879ஆம் ஆண்டில் டி சொய்சா பிரசவ விடுதி தோன்றியது. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. 1946 முதல் மலேரியாவை அடக்க மருந்து தெளிக்கப்பட்டது. அக்காய்ச்சல் தணியவே கர்ப்பிணிகளின் இரத்தசோகையும் மரணமும் தணிந்தன. இவை யாவற்றினும் மேலாக, ஒழுங்கையெல்லாம் நடந்தும் சைக்கிளிலும் சென்று படலை திறந்து, "பிள்ளை, எத்தனை மாதம்?" எனக் கேட்ட மருத்துவிச்சிகளின் தொண்டு பெரிது. அவர்களுக்கு எவரும் பொன்னாடை போர்த்தியதை நாம் கண்டிலோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நம் நாட்டிலே தாயொருத்தி இறப்பின், அம்மரணம் எங்ஙனம் நேர்ந்தது, எங்கே தாமதம் ஏற்பட்டது, தடுத்திருக்கலாமோ என்று வைத்தியரும் அதிகாரிகளும் கூடி விசாரிக்கும் வழக்கம் பல்லாண்டாய் உண்டு. பெரிய கருவிகள் இன்றியும் செய்யத்தக்க உயர்ந்த ஆராய்ச்சி அதுவே. ஆனால் அது மெய்யாய் அமைய வீட்டார் வாய்திறத்தல் வேண்டும். "போன உயிர் போயிற்று, கிளறி என்ன பயன்?" என்று மறைப்பவர் அடுத்த வீட்டுப் பெண்ணின் உயிருக்கு வேண்டிய செய்தியை மறைக்கின்றனர். விசாரிப்போரும் பழிசுமத்தும் நோக்கின்றிக் கேட்டாலன்றி உண்மை வெளிவாராது.

சராசரிக் கணக்கில் மகிழ்ந்து அமைதலும் தகாது. மலையகத் தோட்டங்களில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் வீதம் நாட்டின் பொது வீதத்தினும் மிகுதி. நூறாண்டுக்கு முன் பம்பாயிலே லூசி வில்ஸ் கேட்ட வினாவை, கொழுந்து பறிக்கும் அத்தாயிடம் இன்றும் கேட்கவேண்டியிருக்கின்றது: "நீ என்ன உண்டாய்?"

ஆகவே பழைய மாணவர்களாகிய நாம் செய்யவேண்டியன சில உள. மனைவியோடும் மகளோடும் மருமகளோடும் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்ல ஆடவர் நாணுதல் கூடாது. தணியாத தலையிடி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவை தோன்றின் நாளை பார்ப்போம் என்னாது உடனே புறப்படல் வேண்டும் என்பதை வீட்டிலுள்ள ஆடவரும் அறிந்திருத்தல் வேண்டும். மாணவர்காள்! வைத்தியம் பயிலச் செல்வோர் பெருமைக்கும் பொருளுக்கும் உரிய துறைகளையே நாடாது, தாய் சேய் நல ஆராய்ச்சியையும் நாடுக. கணிதம் வல்லார் புள்ளிவிபரத்தால் உதவுக. தமிழ் வல்லார் அவ்வறிவைத் தமிழில் எழுதுக. செம்மல்வைஸ் கைகழுவச் சொன்ன அதே 1847ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க வைத்தியரான கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அவர் நம் மொழியைக் கற்று, மாணவர்க்கு மேலைவைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, மகப்பேற்று வைத்திய நூலையும் தமிழிற் கொணர்ந்தார். அயலார் ஒருவர் அன்று செய்ததை நாம் இன்று செய்யத் தயங்குவது அழகன்று.

திருச்சிராப்பள்ளியிலே காவேரி பெருகித் தாய் வர இயலாதபோது, தனித்து வருந்திய பெண்ணுக்கு இறைவனே தாய்வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது வரலாறு. அதனாலே தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். அவனை வணங்கும் நாம், பேறுபார்க்கும் தொழிலை இழிவென்றோ பெண்களுக்கு மட்டும் உரியதென்றோ கருதுதல் எவ்வாறு பொருந்தும்? இன்றும் தாய்க்கும் உதவிக்கும் இடையே ஆறுகள் பல பெருகி நிற்கின்றன. அறியாமை ஒன்று, தாமதம் ஒன்று, வறுமை ஒன்று, விதியென்று வாளாவிருத்தல் மற்றொன்று. அவற்றுக்குப் பாலம் இடுதல் கற்றோர் கடன். அக்கடனை ஆற்றப் புகுவோர் நம் கல்லூரியினின்றும் பலராய்ப் புறப்படுவாராக.