ஊடும் பாவும் இல்லாத துணி

கைத்தறிக்குப் பெயர்பெற்றது நம் இரணியல். ஊடு எது, பாவு எது என்று இவ்வூர்ச் சிறுவர்க்கும் சொல்லித்தர வேண்டுவதில்லை. இத்தகைய ஊரின் கடைத்தெருவிலேயே இன்று ஒரு பொய்த்துணி கைக்குக் கை மாறுகின்றது. பார்வைக்கு அது துணிப்பை, தொட்டாலும் மெத்தென்றிருக்கும். ஆயின் கிழித்துப் பாருங்கள், நூல் பிரியாது. உருக்கிய நெகிழியை இழையாக்கிப் பரப்பிச் சூட்டால் அழுத்தி ஒட்டிய தகடு அது. அயற்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டால் தமிழ்ச்சொல் ஆகிவிடுமா? நெகிழிக்குத் துணிவேடம் இட்டுவிட்டால் துணியாகிவிடுமா?

சட்டத்துக்கு இங்குக் குறைவில்லை. தமிழக அரசு 5-6-2018 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களை 1-1-2019 முதல் தடை செய்தது. அன்றைய பட்டியலில் இந்த நெய்யாப் பையும் இருந்தது. உட்புறம் நெகிழி பூசிய தாட்குவளையும் இருந்தது. 23-12-2021 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. இந்திய அரசும் 1-7-2022 முதல் சில பொருள்களைத் தடுத்தது. பின் குறை எங்கே? சட்டம் பொருளைத் தடுத்தது. வணிகம் வேடத்தை மாற்றியது. மக்கள் வேடத்தை நம்பினர்.

‘நெகிழியே இன்றி வாழ முடியுமா?’ என்று கேட்பார் உளர். நேர்மையான வினாவே. மருத்துவமனையின் குருதிப்பை, உழவரின் நீர்க்குழாய், மீனவரின் வலை ஆகியவற்றை எறிந்துவிடுங்கள் என்று எவரும் கூறவில்லை. நெடுநாள் உழைப்பதற்கு நெகிழி வேண்டும் இடத்தில் இருக்கட்டும். கால் நாழிகைப் பயனுக்கு, நம் பெயரன் காலத்திலும் மக்காத ஒன்றை வாங்குவதுதான் அறிவின்மை.

வாங்கியதை எரித்துவிட்டால் தீர்ந்தது என்பது அதனினும் பெரிய அறிவின்மை. பழந்தமிழில் ஞெகிழி என்பது கொள்ளிக்கட்டைக்குப் பெயர். இன்று தெருமுனையில் நெகிழிக் குப்பைக்குத் தீ வைப்பவர் அக்கொள்ளியைத் தம் பிள்ளைகளின் மூச்சிலேயே வைக்கின்றார். குளோரின் கலந்த நெகிழி எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். புகை மறைந்தாலும் நஞ்சு மறைவதில்லை.

எறிந்தது எங்கே போகும் என்பதைக் கடல் நமக்குக் காட்டிவிட்டது. 25-5-2025 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எசு.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய நெகிழி மணிகள், பருப்பளவே உள்ளவை, சில நாள்களில் நம் குமரிக் கரையிலும் வந்து ஒதுங்கின. மணலோடு மணலாய்க் கலந்தவற்றை அள்ளுவது எத்துணை அரிது என்பதைக் கரையோர மக்கள் அறிவர். ஈழத்தின் மேலைக்கடலில் 2021-இல் எரிந்து மூழ்கிய கப்பலும் இதே இடரைத்தான் விளைத்தது.

நிலவழியாகவும் குப்பை வந்தது. 2024-ஆம் ஆண்டு இறுதியில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் நெல்லை மாவட்டத்தில் கொட்டப்பட்டன. பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபின் அவற்றைக் கேரள அரசே திரும்ப அள்ளிச் சென்றது. நம் மண் பிறர் குப்பைமேடு ஆகாது என்று நாம் உரக்கக் கூறியது முற்றும் சரியே. ஆனால் அதே வாய், வேளிமலையில் பிறந்து கடியப்பட்டினத்தருகே கடல்சேரும் வள்ளியாற்றில் நம் கைகளே பை வீசும்போது வாளா இருக்கலாமா? பிறரைத் தடுக்கும் உரிமை, தம்மைத் திருத்திக்கொண்டார்க்கே முழுமையாக வாய்க்கும்.

இனி, சேர்ந்துவிட்ட குப்பைக்கு வழி என்ன? மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் ஒரு வழி கண்டார். துருவிய நெகிழியைச் சூடேறிய சல்லிமேல் பூசி, பின் கீல் கலந்து சாலையிடும் முறை அது. பைகளும் உறைகளும் அதற்கு ஆகும்; குளோரின் கலந்த நெகிழி ஆகாது. சோறும் மீன்செதிலும் ஒட்டிய பையும் எளிதில் ஆகாது. ஆகவே, மக்குவதையும் மக்காததையும் அடுக்களையிலேயே பிரித்துவைத்தால்தான் எந்த அறிவியலும் நமக்கு உதவும். குப்பையைக் கலப்பவர் நல்லதையும் கெடுக்கின்றார்.

செய்யவேண்டியவை பல அல்ல. கடைக்காரர் பை தரவில்லை என்று சினவாமல் வாங்குவோரே பை கொண்டு செல்லுதல் வேண்டும்; ஏழைக் கடைக்காரர் தலையில் அச்செலவைக் கட்டலாகாது. கோயிற்கொடைக்கும் திருமண வீட்டுக்கும் வாழையிலையும் கழுவும் குவளையும் போதும். மீனுக்கும் காய்க்கும் நம் பனையோலைப் பெட்டியும் கடவமும் இருந்தன. இன்றும் முடைவார் உளர். அரசோ, சிறு கடையில் பை பறிப்பதோடு நில்லாமல், அவற்றை உருவாக்கும் ஆலையின் வாயிலுக்குச் செல்லவேண்டும். விற்ற உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பு உருவாக்குவோர்க்கு உண்டு என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன.

இன்னொன்று. மஞ்சட்பைக்கு வேண்டிய துணியை எங்கிருந்து வாங்குவது? நம் கைத்தறி நெசவாளரிடம் வாங்கினால், ஒரே பையில் மண்ணும் காக்கப்பெறும், தறியும் வாழும். பள்ளிகளும் ஊராட்சிகளும் கூட்டுறவுகளும் இதனை முதலில் செய்யட்டும். பை வாங்கும்முன் அதன் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், தமிழ்மக்காள்! ஊடும் பாவும் உண்டெனின் கையில் ஏந்துங்கள். இல்லையெனின் கடையிலேயே விட்டுவிடுங்கள்.