கால் பிடித்துவிட்ட கைகள்

ஒரு மாதமாக டீச்சரை முகநூல் பக்கமே காணோமே என்று சிலர் போன் போட்டே கேட்டுவிட்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பாய் விரித்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்துநான்கு வருடம் நின்றே பாடம் நடத்திய கால்கள் இவை.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். அவன் 3,500 ரூபாய் கட்டி, 60 நாள் வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை வாங்கி டிவியில் வரும்படி செய்து கொடுத்துவிட்டான். ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம், தினம் அரைமணி நேரம் போதும் என்றான். திரையில் ஒரு வாலிபர் உட்கார்ந்து எழுகிறார், குதிக்கிறார், குப்புறப் படுத்து எழுந்து மறுபடி குதிக்கிறார். ஸ்குவாட், லஞ்ச், பர்பி என்று பெயர் வேறு. 20 வினாடி மூச்சு முட்டச் செய்ய வேண்டும், 10 வினாடி ஓய்வு, மறுபடி 20 வினாடி.

முதல் நாள் முழுதும் செய்து முடித்தேன். பெருமை தாங்கவில்லை, உறவினர் குழுவில் படம்கூடப் போட்டேன். மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. கழிப்பறையில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். நடுவில் நிறுத்தினால் பழக்கம் விட்டுப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். ஐந்தாம் நாள் குதித்து இறங்கும்போது வலது கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தது போல ஒரு வலி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவர் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி, உங்களில் பலரைவிட இளையவள், கேட்டாள்: “டீச்சர், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாளே கட்டுரை எழுதச் சொல்வீங்களா?” எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் மனப்பாடம் செய்த முதல் விதியே, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து கடினத்துக்கு என்பதுதான். அதை உங்களுக்கெல்லாம் செய்தேன். என் உடம்புக்குச் செய்யவில்லை.

படுத்திருந்த நாட்களில் இதைப் பற்றிப் படித்தேன். 20 வினாடி வேலை, 10 வினாடி ஓய்வு என்ற முறை ஜப்பானில் தபாட்டா என்ற ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட ஆய்வினால் உலகம் முழுவதும் பரவியது. அதில் சைக்கிள் இயந்திரம் மிதித்தவர்கள் உடற்கல்வி படித்த வாலிபர்கள். நல்ல முறைதான். ஆனால் அது யாருக்கு வைத்த பாடம் என்று பார்க்க வேண்டாமா?

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. “எனக்கெல்லாம் வயசாச்சு” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடும் என் வயதுக்காரர்களோடு எனக்குச் சண்டைதான். வயது ஏற ஏறத் தசை தானாகக் கரைகிறது. விழுந்தால் எலும்பு முறிவு, முறிந்தால் படுக்கை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 30 நிமிடம். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசை வலுப்பெறும் பயிற்சி. 65 தாண்டியவர்கள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் அரைமணி நடை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, எட்டு முறை. சுவரில் கை வைத்துத் தண்டால், எட்டு. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பத்து. ஒற்றைக்காலில் நிற்பது, பத்து வினாடி. வாரத்துக்கு இரண்டு எண்ணிக்கை கூட்டுகிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். என் இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். பிள்ளை பெற்றவளுக்கும் உடம்பு பிடித்துவிடுவார். நான் விழுந்தது தெரிந்து அன்று சாயங்காலமே வந்தார். பிடித்துவிடச் சொன்னேன். காலைப் பார்த்துவிட்டு, “இப்பத் தொடக்கூடாது டீச்சர். வீக்கம் வத்தட்டும். டாக்டரு பாத்துச் சொல்லட்டும்” என்று போய்விட்டார். மறுநாள் மருத்துவமனையில் அதே வார்த்தையைச் சொன்னார்கள்.

பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகுதான் வந்து உட்கார்ந்தார். நல்லெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினார். பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். “இங்கனயா டீச்சர்?” என்று கேட்ட ஒவ்வொரு இடமும் சரியாக வலிக்கிற இடம். நொண்டி நடந்ததில் இடுப்பும் மறுகாலும் இறுகிக் கிடந்தன. அதை நான் சொல்லவே இல்லை, அவர் விரல் கண்டுபிடித்தது.

பிடித்துவிடுவதால் தசை வளராது. அதற்குப் பயிற்சிதான் வழி. உடம்பில் தேங்கிய அமிலத்தை மசாஜ் கரைக்கிறது என்பார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். மறுநாள் வருகிற வலி, பழக்கமில்லாத வேலையால் தசைநாரில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. அந்த வலியும் இறுக்கமும் பிடித்துவிட்டால் குறைகின்றன. வலி குறைந்தால் மறுநாள் பயிற்சிக்குத் தைரியம் வருகிறது. எனக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை: ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் யாரையும் தேய்க்க விடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

நம் சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. அத்தனை பெரிய வித்தை கையில் இருப்பவருக்கு நாம் என்ன மரியாதை கொடுத்தோம்?

என்னைப் பற்றியே சொல்கிறேன். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். இத்தனை வருடமும் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், நீ வா போ என்றுதான் பேசினேன். கொல்லைப்புற வாசல் வழியாகத்தான் வருவார். இந்த முறை 200 ரூபாய் கேட்டார். 150 வைத்துக்கொள் என்றேன். என் காலைக் கெடுத்த திட்டத்துக்கு 3,500 கொடுத்தபோது நாங்கள் பேரம் பேசவில்லை.

மூன்றாம் நாள் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்: “எம்மகன் இந்த வேலைக்குப் போகாதங்குறான் டீச்சர். நாலாப்புலயே நீங்க சொன்னீங்களாம்ல.” பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு நினைவு வந்துவிட்டது. அம்மா அப்பா என்ன வேலை செய்கிறார்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். அந்தப் பையன், “எங்கம்மா எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுவாங்க” என்றான். வகுப்பே சிரித்தது. நான் சத்தம் போட்டு அடக்கினேன். பிறகு அவனிடம், “நல்லாப் படி. அம்மா இந்த வேலைக்குப் போகாமப் பாத்துக்கோ” என்றேன். ஊக்கம் கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தேன். சிரித்த பிள்ளைகள் செய்ததையே நானும் கொஞ்சம் நாசூக்காகச் செய்திருக்கிறேன். அன்று நான், “உன் தம்பி தங்கச்சி எல்லாரையும் குளிப்பாட்டினது இவன் அம்மாதான், கைதட்டுங்க” என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலையில் இருக்கிறான். இந்தப் பக்கத்தைப் படிப்பவன். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியும். தம்பி, நான் அன்று சொன்னது தப்பு. உன் அம்மா ஓய்வெடுக்க விரும்பினால் எடுக்கட்டும். அது உடம்பு முடியாமல் இருக்கட்டும், வெட்கத்தால் வேண்டாம்.

இப்போது அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் நாள் அவருக்கே கூச்சமாக இருந்தது. முன்வாசல் வழியாக வருகிறார். முதலில் காபி, பிறகுதான் வேலை. 300 ரூபாய் கொடுக்கிறேன். முதலில் வாங்க மறுத்தார். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய நாட்களின் பாக்கி என்றேன், சிரித்தார்.

பிள்ளைகளா, உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்பாவுக்குப் போகிறவர்கள் அவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், உங்களைக் குளிப்பாட்டியவர் யார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். நாளைக் காலை எட்டு முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். எட்டு போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்