பீரோவின் மேல் தட்டு

தூத்துக்குடியில் என் அம்மா வீட்டு பீரோவின் மேல் தட்டுக்கு டிசம்பர் மாதம் மட்டும் தனி மரியாதை. பழைய பட்டுச் சேலைகளுக்கு அடியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பரிசுகள் ஒளிந்திருக்கும் இடம் அது. சென்னையிலிருந்து ரயிலில் போய் இறங்கியதும், பிள்ளைகள் ஆச்சியைக் கட்டிக்கொள்ளும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் என் பையிலிருந்து நேராக அங்கே போய்விடும். வருடா வருடம் நடக்கிற கடத்தல். போன வருடம் வரை ஒருமுறைகூட மாட்டியதில்லை.

போன வருடம் மூத்தவள் மூன்றாம் வகுப்பு. சின்னவன் யூ.கே.ஜி.

23-ம் தேதி ராத்திரி அன்பியத்துக்காரர்கள் எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வந்தார்கள். டிரம், கிடார், நடுவில் ஆடிக்கொண்டே கிறிஸ்துமஸ் தாத்தா. தலையணை வயிறு, பிளாஸ்டிக் முகமூடி, கை நிறைய மிட்டாய். சின்னவன் பாதி பயம், பாதி சிரிப்போடு என் இடுப்பில் தொற்றிக்கொண்டான். மூத்தவள் மட்டும் மிட்டாய் பொறுக்கப் போகவில்லை. குனிந்து தாத்தாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு அங்கிக்குக் கீழே நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஊக்கு. அன்று காலை ஸ்டேஷனுக்கு எங்களைக் கூப்பிட வந்த மாமா போட்டிருந்த அதே செருப்பு. என் தம்பிக்கு முகமூடி வாங்கத் தோன்றும், செருப்பை மாற்றத் தோன்றாது.

மறுநாள் மதியம் போர்வை எடுக்கிறேன் என்று ஸ்டூல் போட்டு பீரோவில் ஏறியிருக்கிறாள். தாத்தாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்ட வாட்டர் கலர் பெட்டி, பாதி சுற்றிய பரிசுத்தாளோடு அங்கே இருந்திருக்கிறது. பீரோவை மூடிவிட்டு இறங்கி வந்தவள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம்தான் குடில் வேலை. அது எங்கள் வீட்டில் பெரிய திருவிழா. பத்து நாளைக்கு முன்பே அம்மா கொட்டாங்குச்சிகளில் கேழ்வரகு முளைக்கப் போட்டிருப்பார். அதுதான் பெத்லகேமின் புல்வெளி. காக்கித் தாளைக் கசக்கி வண்ணம் தெளித்தால் மலை. உடைந்த முகக்கண்ணாடித் துண்டு குளம், அதில் இரண்டு பிளாஸ்டிக் வாத்து. பெத்லகேமில் வாத்து இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையுமே கொண்டுவந்து நிறுத்தினார் என்று என் அப்பா சொல்லப்போக, சின்னவன் பக்கத்து வீட்டு ஆட்டைக் கூட்டி வரக் கிளம்பிவிட்டான். அவனைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூத்தவள் எதிலும் சேரவில்லை. முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வைத்த தட்டை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோவது அவள் வேலை. திரும்பி வரும் தட்டில் அவர்கள் போட்டுத் தரும் சீனியை வழியிலேயே நக்கிக்கொண்டு வருவாள். அன்று, "நான் போகல" என்றாள். நான் அறைக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, கிறிஸ்துமஸ் தாத்தா நீதானே?"

ஆமாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "தாத்தாதான்டா என்கிட்ட குடுத்து வைக்கச் சொன்னார்."

"அப்போ அவர் ஏன் மாமா செருப்பப் போட்டிருந்தார்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த கேள்விதான் வயிற்றைக் கலக்கியது. "பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன? எல்லாரும் சேர்ந்து என்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. அப்போ குடில்ல வைக்கிற குழந்தை இயேசுவும் பொய்யா?"

1897-ல் இதே எட்டு வயதில் ஒரு சிறுமி, கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமாகவே இருக்கிறாரா என்று 'நியூயார்க் சன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். இருக்கிறார் என்று பத்திரிகை தலையங்கப் பக்கத்தில் பதில் எழுதியது. அந்தப் பதில் இன்றுவரை பிரபலம். எழுதியவருக்கு என்ன, பீரோ அவர் வீட்டில் இல்லை!

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்தார். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம்.

"கண்டுபிடிச்சிட்டியா? உங்க அம்மைக்குப் பத்து வயசு வரைக்கும் தெரியாது. மக்குப் புள்ள."

அழுதுகொண்டிருந்தவள் லேசாகச் சிரித்தாள். அம்மா கட்டிலில் அவளருகே உட்கார்ந்து நிக்கோலாஸ் கதையைச் சொன்னார். இப்போது துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில், நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாமல் தவித்த ஏழைத் தகப்பன் வீட்டுக்குள், யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் பொற்காசு போட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. "அவரு செத்து எத்தனையோ நூறு வருசமாச்சு. அதுக்காக அந்த வேலைய நிறுத்திர முடியுமா? யாராச்சும் பாக்கணும்லா? உங்க அம்மை பாத்தா, மாமா பாத்தான். அது நாம ஆடுற வெளையாட்டு. குழந்தை இயேசு வெளையாட்டு இல்ல. அது சாமி. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

நான் முப்பது புத்தகம் படித்திருந்தாலும் இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு அந்தப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். உள்ளே குழந்தை இயேசு சுரூபம். எங்கள் வீட்டில் நடுராத்திரிப் பூசை முடிந்து வரும்வரை குடிலில் தீவனத் தொட்டி காலியாகத்தான் இருக்கும். அதுவரை சுரூபம் எங்கே இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். "இனிமே இது ஒன் பொறுப்பு. தம்பிக்குத் தெரியக் கூடாது, என்ன?"

பூசை முழுக்க அந்தப் பொட்டலத்தை ஃப்ராக்கோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு மணிக்கு வீடு திரும்பி, தூங்கிவிட்ட தம்பியைக் கட்டிலில் போட்டதும், குழந்தையைத் தொட்டியில் வைத்தாள். அதன்பின் என் கையைப் பிடித்து பீரோவிடம் இழுத்துப் போனாள். தம்பியின் பொம்மை லாரியை அவளே அவன் தலைமாட்டில் வைத்தாள். காகிதம் சரசரக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த இருட்டில்தான் நான் அவளிடம் ஸாரி சொன்னேன். "பரவால்லம்மா. ஆனா நீ ரெண்டாவது தடவ சொன்ன பொய் ரொம்ப மோசம்" என்றாள்.

விடிந்ததும் சின்னவன் லாரியோடு வீட்டையே சுற்றி வந்தான். "அக்கா, தாத்தா வந்தாரு! நீ பாத்தியா?"

"நான் தூங்கிட்டேன்டா." என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

அந்த டிசம்பருக்குப் பிறகு நானும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். "சேட்டை பண்ணா தாத்தா வர மாட்டார்" என்ற மிரட்டலை அடியோடு விட்டேன். பண்ணினாலும் வரத்தானே போகிறார்! விலை அதிகமான பரிசு அம்மா, அப்பா பெயரில். தாத்தா பெயரில் சின்னச் சாமான் மட்டும். இல்லாவிட்டால் ஒருவனுக்கு சைக்கிள் கொடுத்த தாத்தா, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு ஏன் பென்சில் டப்பா கொடுத்தார் என்று அந்தப் பிள்ளைதான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். மால்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தளத்துக்கு ஒரு தாத்தாவை நிறுத்தாதீர்கள். பதில் சொல்லி மாளவில்லை.

இந்த வருடம் மகளின் வகுப்பில் கிறிஸ்மா விளையாட்டுக்குச் சீட்டு எடுத்தார்கள். யார் பெயர் வந்தது என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. உண்டியலிலிருந்து 20 ரூபாய் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

நேற்று ராத்திரி ஆச்சியிடம் போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். கதவு சரியாக மூடவில்லை.

"ஆச்சி, பீரோ மேல் தட்டு இந்த வருஷம் எனக்கு வேணும். அம்மாவத் திறக்க விடாதீங்க."

முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்த முறை அவளுடைய பையை நான் தூக்கக் கூடாதாம்.