சுவருக்கு என்ன கலர்? பீரோவைத் திறந்து பாருங்கள்!

வீட்டு வேலை முடியும் தறுவாயில் பெயின்டர் ஷேட் கார்டை நீட்டுவார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். அரை மணி நேரத்தில் வீடு இரண்டு கட்சியாகிவிடும். மகனுக்கு க்ரே வேண்டும். மாமியாருக்கோ மங்களகரமாக மஞ்சள்தான் வேண்டும். கடைசியில் யாருக்குமே பிடிக்காத ஐவரியில் சமாதானம் ஆகும். பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவே புதுப்புது வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கும் மாங்காட்டில் இந்தப் பஞ்சாயத்து புதிதல்ல.

மாங்காட்டில் ஒற்றைக்காலில் தவமிருந்த காமாட்சி, அங்கிருந்து காஞ்சிக்குப் போய் ஏகாம்பரநாதரை மணந்தாள் என்பது தலபுராணம். கலர் பஞ்சாயத்துக்கான தீர்ப்பும் அந்தக் காஞ்சிபுரத்தில்தான் இருக்கிறது. அம்மாவின் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்துப் பாருங்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு பார்டர், கிளிப்பச்சைக்கு ராணி பிங்க். உடலை ஒரு நிறத்திலும் பார்டரை நேரெதிர் நிறத்திலும் தனித்தனி நாடா ஓட்டி நெய்து, ஊடே கோத்துச் சேர்ப்பதுதான் கோர்வை. இவ்வளவு எதிரும் புதிருமான நிறங்கள் ஏன் கண்ணை உறுத்துவதில்லை? அளவுதான் காரணம். உடல் பெரிய பங்கு, பார்டர் சின்னப் பங்கு, ஜரிகை கோடு மாதிரி. இன்டீரியர் டிசைனர்கள் 60-30-10 என்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான். சுவர்கள் 60, திரைச்சீலையும் சோபாவும் 30, குஷன், விளக்கு, போட்டோ ஃபிரேம் எல்லாம் சேர்ந்து 10.

அப்படிப் பார்த்தால் மகனும் மாமியாரும் எதிர்க்கட்சிகளே அல்ல. சாம்பல் உடலில் மஞ்சள் பார்டர் போட்ட புடவையை யார் வேண்டாம் என்பார்கள்? ஹாலுக்கு வெளிர் க்ரே, பூஜை மாடத்துக்கு மஞ்சள். முடிந்தது வழக்கு.

ஆனால் புடவை நிறத்தை அப்படியே சுவரில் ஏற்றிவிடக் கூடாது. ஷேட் கார்டில் விரல் அகலத்தில் சாதுவாகத் தெரியும் நிறம், நான்கு சுவரிலும் ஏறியதும் ஒன்றையொன்று பிரதிபலித்து அடர்ந்துவிடும். பிடித்த நிறத்திலிருந்து ஒன்றிரண்டு படி வெளிர்ந்ததை எடுப்பதே புத்திசாலித்தனம்.

பக்கத்தில் இருப்பதும் நிறத்தை மாற்றும். பாரிஸில் கோபெலின் சாயப்பட்டறையின் தலைவராக இருந்த ஷெவ்ரெல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை, அருகிலிருந்த நூலின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது என்று கண்டுபிடித்த அவர், அதை 1839-ல் புத்தகமாகவே எழுதினார். நம் வீட்டில் அந்த ‘பக்கத்து நூல்’ தரைதான். மஞ்சள் சாயல் உள்ள க்ரீம் டைல்ஸ் போட்ட ஹாலில் நீலம் கலந்த க்ரே அடித்தால், புது டைல்ஸ்கூட அழுக்காகத் தெரியும். அதற்குப் பழுப்பு கலந்த க்ரே பொருந்தும். சுவரை மறுபடி அடிக்கலாம், தரையை யார் பெயர்ப்பது? அதனால் தரையைப் பார்த்த பிறகே சுவர்!

நெருக்கமாகக் கட்டிய தெருக்களில் இன்னொரு சிக்கல், பக்கத்து வீடு. ஜன்னலுக்கு நேரே நான்கடி தள்ளி அவர்களின் பச்சைச் சுவர் இருந்தால், வெயில் அதில் பட்டு உங்கள் வெள்ளைச் சுவரிலும் பச்சை படியும். அங்கே லேசான பீச், க்ரீம் மாதிரி வெதுவெதுப்பான நிறம் அதைக் கொஞ்சம் சமன் செய்யும். மேற்கு வெயில் நேராக விழும் அறையிலோ ஆரஞ்சைத் தவிர்ப்பது நல்லது. மாலையில் அந்த அறை அடுப்பு மாதிரி தகிக்கும்!

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கலர் வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். நீலம், பச்சை வித்தியாசம் மங்கும். வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர், வெள்ளை பேசின் என்று ‘நீட்டாக’ அமைத்த பாத்ரூமில், தரை எங்கே முடிகிறது என்றே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். படியின் விளிம்பிலும் பாத்ரூம் வாசலிலும் ஓர் அடர்நிறப் பட்டை, வெளிர் சுவரில் அடர்நிறக் கைப்பிடி. இதுவும் கோர்வை பார்டர்தான், ஆனால் ஒரு விழுதலைத் தடுக்கக்கூடிய பார்டர். பட்ஜெட் இடித்தால் ஹாலின் அலங்காரச் சுவரை விட்டுவிட்டு இதை முதலில் செய்யுங்கள்.

முடிவெடுக்கும் முன் சின்ன சாம்பிள் டப்பா ஒன்று வாங்கி, பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவையுங்கள். அதை ஒவ்வொரு சுவராக மாற்றி ஒட்டி, காலை எட்டு மணிக்கும், மதியம் மூன்று மணிக்கும், இரவு லைட் போட்ட பிறகும் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி.யில் ஒரு நிறம், மஞ்சள் பல்பில் வேறு நிறம் தெரியும். எது உங்கள் வீட்டில் அதிக நேரம் எரிகிறதோ அதற்குத்தான் ஓட்டு.

பிடித்துவிட்டதா? டப்பாவில் இருக்கும் ஷேட் நம்பரை போனில் போட்டோ எடுப்பதோடு, பீரோ கதவின் உள்பக்கம் ஒரு சீட்டிலும் எழுதி ஒட்டிவையுங்கள். ரெண்டு வருஷம் கழித்து டச்-அப் பண்ண வரும் பெயின்டர் முதலில் கேட்பது அதைத்தான்.