பவானி நீரும் இஞ்சினீயர்களின் கடமையும்

வருஷந்தோறும் செப்டம்பர் 15-ந் தேதியை, மைசூர் திவானாயிருந்த ஸ்ரீ விசுவேசுவரய்யாவின் பிறந்த நாளை, நம் தேசத்து இஞ்சினீயர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடி வருகிறார்கள். படத்துக்கு மாலை சாத்துவதும், மூத்தோரைக் கௌரவிப்பதும், நிலைத்த வளர்ச்சியைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்வதும் அன்றைய நிகழ்ச்சிகள். இவற்றில் நாம் குறை காணவில்லை. ஆயினும், பவானி ஆறு காவேரியுடன் கலக்கும் இந்தக் கூடுதுறையில் நின்று ஆற்றைப் பார்ப்பவர்களுக்கு, பிரசங்கத்துக்கு அப்பாலும் இஞ்சினீயர்களுக்கு ஒரு கடமை உண்டு என்ற எண்ணம் தோன்றாமலிராது.

இந்திய இஞ்சினீயர்கள் ஸ்தாபனம் 1920-ல் தோன்றியது. 1935-ல் பிரிட்டிஷ் மன்னரின் சாசனம் பெற்றது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, தேசமெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. அங்கத்தினர்களுக்கென அது வகுத்திருக்கும் ஒழுக்க விதிகளில், சுற்றுச்சூழலைக் காப்பதும், நிலைத்த வளர்ச்சியைக் கருதுவதும், பொதுஜனங்களின் க்ஷேமமும் இடம் பெற்றிருக்கின்றன. 1968-ல் பாரிஸ் நகரில் அமைந்த உலக இஞ்சினீயர் சம்மேளனத்திலும் அதற்கு இடமுண்டு. இவ்வளவு மதிப்பு வாய்ந்த ஒரு சபை, ஜனங்கள் தண்ணீரின் பொருட்டு ஒருவருக்கொருவர் எதிராக நிற்கும் வேளையில் என்ன செய்ய வேண்டும் என்பதே நமது கேள்வி.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1948-ல் ஆரம்பித்து 1955-ல் முடிந்த கீழ்பவானித் திட்டத்தை நேயர்கள் அறிவார்கள். பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்கு உயிர் கொடுக்கிறது. ஆயக்கட்டில் பாதிக்கு ஒரு போகம் நஞ்சைக்கும், மறுபாதிக்கு அடுத்த போகம் புஞ்சைக்கும் முறை வைத்து நீர் விடும் ஏற்பாடு அது. வாய்க்கால் மண் வாய்க்கால். எழுபது வருஷ காலமாக அதன் கரையிலிருந்து கசிந்த நீர் கிணறுகளிலும் குட்டைகளிலும் ஊறிற்று. அந்த ஊற்றை நம்பித் தென்னையும் மஞ்சளும் வளர்ந்தன. மாடு கன்றுகள் பிழைத்தன. மற்றொரு புறம், தன் முறைக்காகக் காத்திருந்த கடைமடை விவசாயியோ, தலைமடையிலேயே நீர் வற்றிப்போகக் கண்டு மனம் வெதும்பினான்.

2020-ம் வருஷத்தில் சர்க்கார் சுமார் 710 கோடி ரூபாய்ச் செலவில் வாய்க்காலைச் செப்பனிட்டுக் கான்க்ரீட் பூசத் திட்டமிட்டபோது, இந்த இரு கஷ்டங்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. கடைமடையார் வேண்டுமென்றார்கள், கசிவு நீரை நம்பியவர்கள் கூடாதென்றார்கள். கிளர்ச்சி மூண்டது, விஷயம் ஐகோர்ட்டு வரை சென்றது. நம்முடைய அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வாய்க்காலில் விட்ட நீரில் ஒரு பங்கு வயலைச் சேராமல் மண்ணில் இறங்குவது மெய். ஆனால் மண்ணில் இறங்கிய நீர் மாயமாய் மறைந்து போவதில்லை; ஒருவன் நஷ்டமென்று கணக்கெழுதுவது மற்றொருவன் கிணற்றில் வரவாக நிற்கிறது. ஆகையால் வாய்க்காலின் கணக்கை மட்டும் பார்த்து, கிணற்றின் கணக்கைப் பாராமல் செய்யும் எந்த முடிவும் அரைக் கணக்கின் மேல் செய்த முடிவே. அதேபோல், கிணற்றைக் காட்டிக் கடைமடையானின் உரிமையை மறுப்பதும் நியாயமல்ல. எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது, அதில் எவ்வளவு மீண்டும் பயிருக்கு வருகிறது என்று மைல் மைலாக அளந்து, இரு தரப்பாரும் நம்பத்தக்க ஒருவர் சொன்னாலன்றி இந்த வியவகாரம் தீராது.

அந்த ஒருவர் யார்? சர்க்கார் இஞ்சினீயர் திறமைசாலிதான். ஆனால் இலாகா போட்ட திட்டத்துக்கு விரோதமாகப் பகிரங்கமாய்ப் பேச அவருடைய உத்தியோக விதிகள் இடங்கொடா. கண்ட்ராக்டரின் இஞ்சினீயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை. நாம் கோர்ட்டுப் படிகளில் பல வருஷங்கள் ஏறி இறங்கியவர்கள். அங்கே நிபுணர் சாட்சி என்று ஒருவர் வருவார். எந்தக் கட்சி அழைத்து வந்ததோ அந்தக் கட்சிக்கு அனுகூலமான புள்ளிகள் அவர் வாயிலிருந்து வரும். எதிர்க்கட்சியின் நிபுணரிடமிருந்து எதிரான புள்ளிகள் வரும். இருவரும் யோக்கியர்களே, இருவரும் ஒரே சர்வகலாசாலையில் வாசித்தவர்களாகக்கூட இருப்பார்கள். நீதிபதி பாவம், இரண்டு உண்மைகளுக்கு நடுவே தவிப்பார்! கட்சி எதுவுமில்லாத ஒரு தொழிற்சபை தன் பெயரால் அளந்து, தன் பெயரால் வெளியிட்ட கணக்கு முன்பே இருந்தால், பாதி வழக்குகள் கோர்ட்டுக்கு வருமுன்பே ஓய்ந்துவிடும்.

கூடுதுறைக்கு அருகிலேயே அணைக்கட்டை எழுப்பி, நொய்யல் வரையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டிய காலிங்கராயனை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. 13-ம் நூற்றாண்டில் நடந்த வேலை. இன்றும் சுமார் 15,700 ஏக்கருக்குப் பாய்கிறது. வளைந்து வளைந்து செல்லும் அந்த வாய்க்காலுக்குப் பாம்பு வழி காட்டிற்று என்பது ஊர்க் கதை. நிலத்தின் மட்டத்தை அறிந்தவன் கண்ணே அந்தப் பாம்பு என்பது நம் கட்சி. ஆனால் நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு கர்ணபரம்பரைச் செய்தி. தன் சொந்த நிலத்துக்காகவே வாய்க்கால் வெட்டினான் என்று ஊரார் சிலர் பழி கூற, தானும் தன் வம்சத்தாரும் அந்த நீரைத் தொடுவதில்லை என்று சபதஞ் செய்து, பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குளிக்குக் குடி பெயர்ந்தான் என்பார்கள். கதை மெய்யோ பொய்யோ, ஏழு நூற்றாண்டாக நம் ஜனங்கள் அதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நீரைப் பங்கிடுகிறவனுக்கு அந்த நீரில் சுயலாபம் இருக்கலாகாது என்று அவர்கள் கருதுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதே வாய்க்காலுக்கு நம் காலத்தில் நேர்ந்த கதி என்ன? ஈரோட்டுச் சாயப்பட்டறைகளின் கழிவும் தோல் பதனிடும் சாலைகளின் கழிவும் அதில் கலந்தன. கழிவைப் பிரித்துக் கொண்டுபோகப் பக்கத்திலேயே ஒரு சிறு வாய்க்கால் கட்டப்பட்டது. அதற்குப் "பேபி வாய்க்கால்" என்று செல்லப் பெயரும் வந்தது. அழுக்கை வேறு வழியில் அனுப்புவது அழுக்கை நீக்குவதாகாது. நொய்யலின் கதை இன்னும் பரிதாபம். பாசனத்துக்கென 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாக மாறிற்று. அணையில் நீர் இருந்தும், அதைத் திறக்க வேண்டாமென்று விவசாயிகளே முறையிடும் விபரீதத்தை உலகில் வேறெங்கு கண்டோம்! 2011-ல் ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னரே, கழிவைச் சொட்டு விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதிக்கு உயிர் வந்தது. சுத்திகரிக்கும் வித்தை அதற்கு முன்பும் இஞ்சினீயர்களுக்குத் தெரிந்ததே. தெரிந்ததைத் தக்க சமயத்தில் உரத்துச் சொல்ல ஒரு சபை இல்லாமற் போனால், அந்த வேலையை நீதிபதிகள் செய்ய வேண்டி வருகிறது.

இனி, ராஜ்யங்களுக்கிடையே உள்ள விஷயம். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் புகுந்து, சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் நம் எல்லைக்குள் வருகிறது. காவேரி நடுவர் மன்றம் 2007-ல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானிப் பள்ளத்தாக்குக்கு உரியது. சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோதும் அதை மாற்றவில்லை. அட்டப்பாடியில் ஒரு தடுப்பணை எழுந்தால் இங்கே கொதிப்பு எழுகிறது. இங்கே ஒரு கூட்டம் கூடினால் அங்கே பதில் கூட்டம் கூடுகிறது. கூட்டங்களில் புள்ளி விவரம் பேசுவோர் சிலரே.

நமது பக்கத்திலும் தேவை பெருகியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஆரம்பமான அத்திக்கடவு - அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து 1.5 டி.எம்.சி. உபரி நீரை இறைத்து 1,045 குளங்குட்டைகளை நிரப்ப வேண்டும். அறுபது வருஷங்களுக்கு மேல் மக்கள் கேட்ட திட்டம், வாழ்க. ஆனால் எந்த வருஷத்தில் எது உபரி என்று தீர்மானிக்க, எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு வேண்டுமல்லவா?

ஒத்துழைப்பு சாத்தியமில்லை என்போருக்குப் பரம்பிக்குளம் - ஆழியாறு பதில் சொல்லும். 1970-ல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கேரளத்துக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. விடப்படுகிறது, இரு ராஜ்யத்து இஞ்சினீயர்களும் கூட்டு வாரியத்தில் உட்கார்ந்து நீரைப் பங்கிடுகிறார்கள். சச்சரவுகள் இல்லாமலில்லை. முப்பது வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய உடன்படிக்கையை உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விட்டது இரு சர்க்கார்களின் குற்றம், இஞ்சினீயர்களுடையதன்று. ஐரோப்பாவிலோ, யுத்தத்தின் காயம் ஆறுமுன்பே, 1950-ல், ஜெர்மனியும் பிரான்சும் ஸ்விட்சர்லாந்தும் லக்ஸம்பர்க்கும் ஹாலந்தும் ரைன் நதியைக் காக்க ஒரே கமிஷனில் உட்கார்ந்தன. கோயமுத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே எந்த யுத்தமும் நடக்கவில்லை.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சர்க்கார்கள் வேறு, கட்சிகள் வேறு, கோபதாபங்கள் வேறு. இஞ்சினீயர்கள் ஸ்தாபனமோ மூன்றிலும் ஒன்றே. கோயமுத்தூரிலும் மைசூரிலும் திருவனந்தபுரத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. அக்கிளைகள் ஓய்வு பெற்ற அனுபவசாலிகளையும், உத்தியோகக் கட்டுப்பாடில்லாத கலாசாலை ஆசிரியர்களையும் கொண்டு ஒரு கூட்டுக் கமிட்டி அமைக்கட்டும். அட்டப்பாடி முதல் கூடுதுறை வரையில் பவானியின் நீர்வரத்தையும், கீழ்பவானி வாய்க்காலின் கசிவையும், கரையோரக் கிணறுகளின் மட்டத்தையும், கலக்கும் கழிவையும் அளக்கட்டும். அளந்ததை வருஷந்தோறும், குடியானவன் வாசிக்கத்தக்க தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வெளியிடட்டும். அளக்கும்போது தலைமடை, கடைமடை இரண்டிலிருந்தும் விவசாயிகள் உடனிருக்க வேண்டும். மூன்று சர்க்கார்களும் தங்கள் அளவுக் குறிப்புகளைக் கமிட்டிக்குத் திறந்து காட்ட வேண்டும். மறுக்கும் சர்க்கார் எதுவென்பதையும் கமிட்டி கூச்சமின்றி வெளியிடலாம்.

ஆகஸ்டு மத்தியில் கீழ்பவானி மதகுகள் திறக்கும் வழக்கம். அதற்கு முன்பாகக் கோயமுத்தூர்க் கிளையார் மற்ற இரு கிளைகளுக்கும் முதல் கடிதத்தை எழுதட்டும். வரும் பதில்களை, அனுகூலமானாலும் பிரதிகூலமானாலும், இந்தப் பத்திகளில் அப்படியே பிரசுரிக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.