கணக்கைப் படமாக்கிப் பார்ப்போம்

புள்ளிவிவரம் என்றாலே படித்தவர்கள் விவகாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். பேச்சுவார்த்தையில் நிர்வாகம் ஒரு காகிதத்தை நீட்டி, "சராசரிக் கூலி உயர்ந்துவிட்டது" என்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். இந்த நிலை மாற வேண்டும். கணக்கைத் துருவி ஆராயவும் படமாக வரைந்து பார்க்கவும் உழைப்பாளிகள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதனால் என்ன பயன்? 1854ஆம் வருஷம் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். ஸோஹோ பகுதியில் காலரா புகுந்து, சில வாரங்களில் 600க்கும் அதிகமானவர்களைக் கொன்றது. கெட்ட காற்றுதான் காரணம் என்று அதிகாரிகளும் பெரும்பாலான வைத்தியர்களும் சாதித்தனர். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் இதை ஏற்கவில்லை. சாவுக் கணக்கைக் கேட்டு வாங்கினார். வீடு வீடாக விசாரித்தார். சாவுகளில் பெரும்பாலானவை பிராட் தெருவிலிருந்த குடிநீர்ப் பம்புக்கு அருகிலேயே நேர்ந்திருந்தன.

அவர் அத்தோடு நிற்கவில்லை. சாகாதவர்கள் யார் என்றும் கேட்டார். அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் காலராவால் இறந்தவர்கள் 5 பேர்தான். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பீர் ஆலையில் 70க்கும் அதிகமான தொழிலாளர்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்கள் பம்புத் தண்ணீரைத் தொடவே இல்லை. அதே தெருவில், துப்பாக்கிக்கான வெடிமூடி செய்யும் தொழிற்சாலையில் சுமார் 200 பேர் வேலை செய்தனர். அவர்கள் குடிக்க இரண்டு தொட்டிகளில் பம்புத் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் 18 பேர் மாண்டனர்!

ஸ்நோ இந்த விவரங்களை எடுத்துரைத்ததும், செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். பின்னர் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புக் கோடாக, அவர் தெருப்படத்தில் குறித்து வெளியிட்டார். கோடுகள் பம்பைச் சுற்றி மொய்த்து நின்றன. மொத்த எண்ணிக்கை மட்டும் சொல்லாததை அந்தப் படம் பட்டவர்த்தனமாக்கியது.

வியன்னா நகரில் ஓட்டோ நியூராத் 1925இல் ஒரு பொருட்காட்சிசாலை நிறுவினார். வீட்டுவசதி, சுகாதாரம், வேலை பற்றிய கணக்குகளைச் சாதாரண ஜனங்களும் புரிந்துகொள்ளும்படி அங்கே படங்களாக வைத்தார். அவருடைய விதி எளியது: இரண்டு மடங்கைக் காட்ட ஒரு மனித உருவத்தைப் பெரிதாக்காதே, இரண்டு உருவங்களை வரை. உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்தால், இரண்டு மடங்கு நான்கு மடங்காகத் தெரியும். படமும் பொய் சொல்லும்! 1934இல் சர்வாதிகார ஆட்சி தொழிலாளர் இயக்கத்தை நசுக்கியபோது, அந்தப் பொருட்காட்சிசாலையும் மூடப்பட்டது.

சராசரியின் சூழ்ச்சியை இப்போது பார்ப்போம். உதாரணத்திற்கு, ஒன்பது பேருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய். பத்தாமவருக்கு 4,400 ரூபாய். சராசரி 800! ஆனால் ஒன்பது பேர் பெறுவது அதில் பாதிதான். பத்துக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். உண்மை கண்ணெதிரே நிற்கும்.

ஆலைத் தொழிலாளர்கள் ஒரு கரும்பலகையில் இலாகா வாரியாக, ஷிப்டு வாரியாக விபத்துக்களைக் குறிக்கட்டும். எந்த ஷிப்டில் கோடுகள் குவிகின்றன? அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? விவசாயத் தொழிலாளர்கள் மாதாமாதம் கிடைத்த வேலை நாட்களைக் குறிக்கட்டும். எந்த மாதத்தில் அடுப்பு அணைகிறது என்பது தெரியும். எந்தக் கோரிக்கையை முதலில் வைப்பது என்பதும் தெளிவாகும்.

ஒரு எச்சரிக்கை. நமக்குச் சாதகமானதை மட்டும் குறித்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். கண்டதைக் குறிப்போம், பாதகமானதையும் மறைக்காமல் குறிப்போம். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் சாக்குக்கட்டியும் விடாமுயற்சியும் போதும். இன்றே தொடங்குவோம்!