மடியும் மன்றமும்



கோழி கூவுமுன் எழுந்து, தொழுவத்துச் சாணம் அள்ளி, கன்றை ஊட்டவிட்டு, மடி கழுவிப் பால் கறக்கிறார் ஒரு தாய். தூக்குப் பாத்திரமும் கையுமாகக் கூட்டுறவுச் சங்க வாயிலில் நிற்கிறார். கொழுப்புச் சத்து எவ்வளவு, இதரச் சத்து எவ்வளவு என்று கருவி கணக்குச் சொல்கிறது. சத்துக் குறைந்தால் விலை குறையும். மாலையிலும் அதே வேலை, அதே வரிசை!

அந்தத் தாயே ஊராட்சி மன்றத்திலும் அமர்ந்தால்?

நகைப்பார்கள் சிலர், "மாடு மேய்ப்பவளுக்கு மன்றம் எதற்கு?" என்பார்கள். நாம் கேட்போம்: மாடு குடிக்கும் தொட்டி வறண்டதை மாளிகைவாசியா அறிவார்? மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனதை, வேலி போட்டவரா வெளியிடுவார்? நோயுற்ற பசுவைச் சேற்றுப் பாதையில் ஓட்டிச் சென்ற கால்களல்லவா உண்மை சொல்லும்!

சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 இனங்களை அடுக்கிற்று. அவற்றுள் 4ஆவது, கால்நடை வளர்ப்பும் பால் பண்ணையும் கோழி வளர்ப்பும்! தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளாட்சியில் மகளிர்க்குச் சரிபாதி இடமும் தந்தது.

இடம் தந்தார்கள், இருக்கை இருந்ததா? 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்துக்கிடந்தன. 27 மாவட்டங்களில் தேர்வானோரின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோதோ, தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். காலம் முடியுமுன் தேர்தலை முடித்திடுக என்பது அரசியல் சட்டத்தின் ஆணை. ஏன் நடக்கவில்லை என்றால், வழக்கென்பர், வார்டு வரையறையென்பர்!

பசுவை ஒருவேளை கறவாமல் விட்டுப் பாருங்கள். மடி கனக்கும், பசு கதறும். நாள் கடந்தால் நோய் காணும், பால் வற்றும். "வரையறை முடியட்டும், பிறகு கறக்கலாம்" என்று எந்த உழவரும் சொல்வதில்லை! தொழுவத்தில் நிற்பவருக்குத் தெரிந்த இந்த உண்மை, கோட்டையில் அமர்வோருக்கு, அவர் எக்கட்சியினராயினும், தெரியவேண்டாமா?

தனி அலுவலர் தீயவர் என்று கூறவில்லை. கோப்பைப் பார்ப்பார், கையொப்பமிடுவார். ஆனால், பால் வரிசையில் நம் பக்கத்தில் நிற்பவரல்லர் அவர். வாக்கால் வந்தவரை வழிமறித்துக் கேட்கலாம். கேட்டும் செய்யாவிடில், வாக்காலேயே வீட்டுக்கு அனுப்பலாம். அலுவலரை அனுப்ப நம்மிடம் வாக்கு ஏது?

சிற்றூராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. சின்னமில்லாத களத்தில் நமக்கென்ன வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள்! கிராமசபைக்குச் செல்லுங்கள். அந்தத் தாயை முன்வரிசையில் அமர்த்துங்கள்; தேர்தலில் நிறுத்துங்கள். வென்றபின் அவர் நாற்காலியில் கணவர் அமர்ந்தால், அதையும் தட்டிக் கேளுங்கள்.

கறக்கும் கை கையொப்பமிடட்டும்! பாலை அளந்தவர் ஊர்ப்பணத்தையும் அளந்து பார்க்கட்டும்! மடிக்கு ஒருநாளும் விடுமுறையில்லை. மக்கள் மன்றத்துக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் விடுமுறையா?